வீட்டு வண்டியில் விரைவாக மின்னேற்றல்

கலிபோர்ணியாவில் வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர் சென்ற ஆண்டு எனக்கொரு கடிதம் எழுதியிருந்தார். சமையலறை, படுக்கை, நீர்த்தொட்டி, குளிர்ப்பெட்டி யாவும் உள்ளேயே அமைந்த வீட்டு வண்டியொன்றை, முன்பு ஒருவர் பாவித்ததாக, வாங்கியிருக்கிறார். தாயாரையும் மனைவி மக்களையும் அதில் ஏற்றிக்கொண்டு யொசெமிற்றி தேசியப் பூங்காவுக்குச் சென்றிருக்கிறார். தாயாருக்கு உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் உண்டு. இரவு முழுவதும் காற்றூட்டும் கருவியொன்றை முகத்தில் அணிந்தே உறங்க வேண்டும். மூன்றாம் நாட் பின்னிரவில் பற்றறி வறண்டு அக்கருவி நின்றுவிட்டது. அம்மையார் திணறி விழித்துக்கொண்டார். தீங்கு ஒன்றும் நேரவில்லை. ஆயினும் மகனுக்கு அதன்பின் உறக்கமில்லை. "ஐயா, இதனினும் பெரிய மின்னேற்றியை வாங்கினால் பற்றறி விரைவில் நிரம்பிவிடுமா?" என்று கேட்டிருந்தார்.

வரலாறு பயின்ற என்னிடம் இக்கேள்வி வந்தது விந்தைதான். ஆனால், யாழ்ப்பாணத்தில் 1990ஆம் ஆண்டு மின்சாரம் நின்றபின், துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, தைனமோவின் மின்னைக்கொண்டு வானொலி கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் யான். மின்சாரத்தை அளந்து செலவிடும் பழக்கம் அன்று வந்தது. எங்கள் பாடசாலைப் பௌதிக ஆசிரியரைத் துணைக்கொண்டு கணக்குப் பார்த்து மறுமொழி எழுதினேன். அதன் சாரத்தையே இன்று கூறுகின்றேன்.

யொசெமிற்றியில் முகாமிடுவோர் மின்பிறப்பாக்கியை நினைத்தபோதெல்லாம் இயக்க முடியாது. காலை 7 மணி முதல் 9 வரை, நண்பகல் 12 முதல் 2 வரை, மாலை 5 முதல் 7 வரை என்பதே அங்குள்ள விதி. எனவே, விரைவு என்பது அவருக்கு ஆடம்பரமன்று. இரண்டு மணி நேரத்துள் எவ்வளவு மின் பற்றறிக்குள் புகும் என்பதே கேள்வி.

அவரிடம் இருந்தவை ஈயப் பற்றறிகள் இரண்டு. இரண்டினதும் கொள்ளளவு 200 அம்பியர் மணி. ஈயப் பற்றறியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே, நாளொன்றுக்கு எடுக்கத்தக்கது 100 அம்பியர் மணி எனக் கொள்ளலாம். வண்டியிலிருந்த மின்னேற்றி 45 அம்பியர் தரவல்லது என்று அதன் மேல் எழுதியிருந்தது. இரண்டு மணிக்கு 90 அம்பியர் மணி என்று வாய்ப்பாடு சொல்லும். பற்றறி அந்த வாய்ப்பாட்டைப் படித்ததில்லை.

ஈயப் பற்றறி 1859ஆம் ஆண்டு பிரான்சு தேசத்துக் கஸ்தோன் பிளாந்தே என்பவர் அமைத்தது. அதன் இயல்பு இன்றுவரை பெரிதும் மாறவில்லை. மின்னை ஏற்றும்போது, தகடுகளின் மேற்பரப்பிலுள்ள ஈயச் சல்பேற்று முதலில் எளிதாக மாறுகிறது. பின்னர் தகட்டின் நுண்டுளைகளுக்குள்ளே ஆழ்ந்திருப்பது மாறவேண்டும். அமிலமும் அத்துளைகளினூடே மெல்ல மெல்ல ஊர்ந்து கலக்கவேண்டும். வறண்ட தோட்டப் பாத்திக்கு நீர் பாய்ச்சுவதைப் பாருங்கள். முதலில் மண் நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். மேல்மண் நனைந்தபின் ஊறும் வேகத்திலேதான் இறங்கும். வாய்க்காலைப் பெருக்கினால் நீர் வரப்பை மீறி வழியுமேயன்றி வேர் விரைவில் நனையாது. பற்றறியிலும் அவ்வாறே: முக்காற்பங்குக்குச் சற்று மேல் நிரம்பும்வரை ஓட்டம் தாராளமாகப் புகும், எஞ்சிய ஐந்திலொரு பங்குக்குப் பல மணி நேரம் பிடிக்கும். வலிந்து செலுத்தினால், மிகுதி மின் நீரைப் பிளந்து ஐதரசனையும் ஒட்சிசனையும் வெளியேற்றும். அடைத்த பெட்டிக்குள் அவ்வாயு சேர்ந்திருக்க ஒரு தீப்பொறி பட்டால் வெடிக்கும்.

இன்னொரு குறையும் இருந்தது. பழைய வண்டிகளில் வைத்த மின்னேற்றிகள் பல 13.6 உவோற்றுக்கு மேல் ஏறுவதில்லை. நிரம்பிய பற்றறியைப் பேணுவதற்கு அது பொருந்தும். வெறுமையான பற்றறியை நிரப்ப ஏறக்குறைய 14.4 உவோற்று வேண்டும். போதாக்குறைக்கு, மின்னேற்றிக்கும் பற்றறிக்கும் இடையே மெல்லிய கம்பி நெடுந்தூரம் ஓடியது. கம்பியில் அரை உவோற்று வீணாவது இவ்விடத்திற் சிறிய இழப்பன்று. அம்பியர் எண்ணைப் பார்த்துப் பெரிய பெட்டியை வாங்கி அதே கம்பியிற் பூட்டுகிறவர்களே அதிகம் என்று எண்ணுகிறேன்.

எனவே, ஈயப் பற்றறியையே வைத்துக்கொள்வதானால், 14.4 உவோற்று வரை ஏறிப் பின்னர் தானே தணியும் மின்னேற்றியொன்றும், தடித்த குறுகிய கம்பியும், கூரையிற் சூரியத் தகடும் வேண்டும் என்று எழுதினேன். காலையில் மின்பிறப்பாக்கி பசித்த பற்றறிக்கு முதற்பங்கை விரைவில் ஊட்டட்டும்; மெல்ல நிரம்பவேண்டிய கடைப்பங்கைச் சூரியன் பகல் முழுவதும் இருந்து ஊட்டட்டும். 200 உவாற்றுத் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 அம்பியர் மணி தரும். முகாம் உயர்ந்த மரங்களின் நிழலிலே அமைந்தால் இக்கணக்குப் பொய்த்துவிடும்.

மற்ற வழி இலிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றறி. 2019இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான யோன் குடினவ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், தெக்சாசுப் பல்கலைக்கழகத்தில், 1990களில் வெளிப்பட்ட பொருள் அது. 100 அம்பியர் மணிப் பற்றறியொன்று பொதுவாக 50 அம்பியரைத் தயக்கமின்றி ஏற்கும். ஏறக்குறைய நிரம்பும்வரை அதே வேகத்தில் ஏற்கும். அப்படியானால் காலை 7 முதல் 9 வரை ஒரு தவணையே ஓர் இரவுக்குப் போதும். விலை மிகுதி, நிறையோ ஈயத்திற் பாதிக்கும் குறைவு.

இங்கேதான் அவரை நான் இருமுறை எச்சரித்தேன். முதலாவது, இப்பற்றறியை ஓடும் இயந்திரத்தின் மின்னாக்கியோடு நேரே இணைக்கலாகாது. ஈயம் சிறிது நேரத்தில் தானே கையமர்த்தும். இலிதியம் கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டேயிருக்கும். வண்டி நின்றபடி இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது மின்னாக்கிக்குக் குளிர்காற்றும் குறைவு, அது கருகிவிடலாம். ஓட்டத்தை 30 அல்லது 40 அம்பியருக்குக் கட்டுப்படுத்தும் நேரோட்ட மின்னேற்றியொன்றை இடையில் வைக்கவேண்டும். இரண்டாவது, உறைநிலைக்குக் கீழ் இதற்கு மின்னேற்றலாகாது. ஏற்றினால் இலிதியம் உலோகமாகவே உள்ளே படிந்து பற்றறியைக் கெடுக்கும். யொசெமிற்றியில் இலையுதிர்காலத்து அதிகாலை உறைபனி கொட்டும். மின்பிறப்பாக்கிக்கு அனுமதி தொடங்குவதும் அந்நேரத்திலேதான். ஆதலின் பற்றறியை வெளிப்பெட்டியில் வையாது படுக்கையின் கீழே வைக்கும்படி சொன்னேன்.

காற்றூட்டும் கருவியின் ஈரமூட்டும் சூடாக்கியே மின்னை மிகுதியாக உண்பது. அதனை நிறுத்தலாமா என்பதை மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன். கேட்டபோது, இரண்டு மூன்று இரவுகளுக்குத் தடையில்லை என்றாராம்.

அவர் இலிதியத்தையே தேர்ந்தார். 100 அம்பியர் மணிப் பற்றறிகள் இரண்டு, புதிய 60 அம்பியர் மின்னேற்றி, பெருவிரல் தடிப்பில் ஒரு கம்பி. சென்ற வைகாசியில் மீண்டும் அதே முகாமுக்குப் போய் நான்கு இரவுகள் தங்கியிருக்கிறார்கள். மாலைத் தவணையில் மின்பிறப்பாக்கியை இயக்க வேண்டிய தேவை ஏற்படவில்லையாம். ஆயினும் மகன் இரவிரண்டு மணிக்கு எழுந்து அளவுகருவியைப் பார்ப்பதை நிறுத்தவில்லை என்று தாயார் தம் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தார்.