‘ஸர்து’: தாவூத் நபியின் கவசமும் வளையத்தின் அளவும்

இரும்பைப் பற்றியும் போர்க்கவசத்தைப் பற்றியும் திருமறை பேசும் இடங்களில் தாவூத் நபி (அலை) அவர்களின் பெயர் இடம்பெறுகிறது. அன்பியா அத்தியாயத்தின் 80ஆம் வசனம் கவசத் தொழில் அவர்களுக்கு இறைவனால் கற்றுத்தரப்பட்டது என்கிறது. ஸபஃ அத்தியாயத்தின் 10, 11ஆம் வசனங்கள் இன்னும் நுட்பமானவை. இரும்பு அவர்களுக்கு மென்மையாக்கப்பட்டதைச் சொன்னபின், இரு கட்டளைகளை அவை தருகின்றன: கவசங்கள் உடலை நிறைவாக மூடுவனவாக (ஸாபிகாத்) இருக்கவேண்டும், ‘ஸர்து’ என்பதில் அளவு பேணப்படவேண்டும். இந்த இரண்டாம் கட்டளையை ஓரிரு சொற்களில் கடந்துவிடுவது நம் வழக்கம். எதை அளப்பது, ஏன் அளப்பது என்ற வினாவுக்குத் தொழிலறிவு தரும் விடை, வசனத்தின் பொருளை மேலும் துலக்குகிறது.

‘ஸர்து’ என்பது இரும்பு வளையங்களைக் குறிக்கும் என்ற விளக்கம் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக வந்துள்ளது. முஜாஹித் (ரஹ்) அவர்களோ வளையத்தை இணைக்கும் ஆணியை வைத்து இதனை விளக்குகிறார்: ஆணி மெலிந்தால் துளையில் ஆடும், பருத்தால் வளையத்தையே பிளந்துவிடும். தாவூத் நபிக்கு முன் கவசங்கள் தகடுகளாக இருந்தன என்றும், வளையக் கவசத்தை முதலில் செய்தவர் அவர்களே என்றும் கதாதா (ரஹ்) கூறியதாக இப்னு கஸீர் தம் விரிவுரையில் பதிவு செய்கிறார். வளையம், ஆணி ஆகிய இரு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்பதைப் பின்னலின் கணக்கே காட்டும்.

ஈரான், துருக்கி, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து எஞ்சியுள்ள வளையக் கவசங்களிற் பெரும்பாலானவை ஒரே பின்னலில் அமைந்தவை. ஒவ்வொரு வளையமும் அண்டையிலுள்ள நான்கு வளையங்களைக் கோத்து நிற்கும். ஆகவே, வளையத்தின் உள்வெளியில் நான்கு கம்பிகளுக்கு இடம் வேண்டும். நான்கு கம்பிகளை நேராக அடுக்கினாலே, கம்பியின் தடிமனைப் போல் ஏறத்தாழ 2.4 மடங்கு உள்விட்டம் தேவை. அவை வளைந்தும் சாய்ந்தும் நுழைவதால் நடைமுறையில் இத்தேவை 3 மடங்கை நெருங்குகிறது. உள்விட்டத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்துக் கிடைக்கும் இவ்விகிதமே பின்னலின் குணத்தைத் தீர்மானிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. உள்விட்டம் 6 மில்லிமீட்டர் என நிலையாக வைத்துக்கொள்வோம். கம்பி 2 மில்லிமீட்டர் எனில் விகிதம் 3. பின்னல் பலகைபோல் விறைத்து, தோளும் முழங்கையும் மடங்க இடம் தராது. கம்பி 1.6 எனில் விகிதம் 3.75, நெருக்கமாகவும் வளைந்து கொடுப்பதாகவும் அமையும். 1.2 எனில் விகிதம் 5, துணிபோல் வழியும். 1 மில்லிமீட்டராகக் குறைத்தால் விகிதம் 6. இலேசாக இருப்பினும் இடைவெளி அகன்று, வளையம் எளிதில் நெளியும். ஒரு வளையம் ஆறினைக் கோக்கும் அடர்ந்த பின்னலுக்கு இதனினும் பெரிய விகிதம் தேவை.

விகிதம் ஒன்றாயிருந்தாலும் கவசம் ஒன்றாகிவிடாது. தடிமன், உள்விட்டம் இரண்டையும் இருமடங்காக்கினால் பின்னலின் குணம் மாறாது. வளையங்களின் எண்ணிக்கை கால்பங்காகக் குறைந்து வேலை எளிதாகும். ஆனால் ஒரு வளையத்தின் எடை எட்டு மடங்காவதால், அதே பரப்பின் எடை இருமடங்காகிவிடும். உழைப்பைச் சேமித்தவன் சுமையை அணிபவன் தோளில் ஏற்றுகிறான்.

இன்று இப்பின்னலைச் செய்துபார்க்க விழைவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கம்பியின் ‘கேஜ்’ எண் எல்லா நாட்டிலும் ஒரே தடிமனைக் குறிப்பதில்லை. 16ஆம் எண் கம்பி பிரித்தானிய முறையில் ஏறத்தாழ 1.63 மில்லிமீட்டர், அமெரிக்க முறையில் 1.29 மில்லிமீட்டர். கால் அங்குல உள்விட்டத்துக்கு முன்னது 3.9 என்ற விகிதத்தையும் பின்னது 4.9 என்ற விகிதத்தையும் தரும். எண்ணை நம்பாமல் கம்பியையே அளப்பது நலம். மேலும், கோலில் சுற்றிய கம்பி விடுபட்டதும் சற்றே விரியுமாதலால், கோல் வேண்டிய உள்விட்டத்தைவிடச் சிறிது மெலிந்திருக்கவேண்டும். உள்ளங்கையளவு பின்னிப் பார்த்தபின்னரே முழு வேலையைத் தொடங்கவேண்டும்.

முனைகளை வெறுமனே சேர்த்துவைத்த வளையம், அம்பு தைக்கும்போது வாய்திறந்துவிடும். எனவேதான் போர்க்கவசங்களில் முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தட்டி, துளையிட்டு, ஆணி அறைந்தார்கள். கம்பி மெலிந்தால் தட்டிய பகுதியும் குறுகும். துளையும் ஆணியும் சிறுக்கவேண்டும். முஜாஹித் குறிப்பிட்ட ஆணியின் அளவு இவ்வாறு வளையத்தின் அளவோடு பிணைந்துள்ளது. இரு விளக்கங்களும் ஒரு கணக்கின் இரு வரிகளே.

இக்கணக்கு உயிரோடு தொடர்புடையது என்பதற்கு நபிகளார் (ஸல்) காலத்துப் போர்க்களங்களே சான்று. ஹிஜ்ரி 3இல் (625) உஹதுக் களத்தில் தலைக்கவசத்தின் இரு வளையங்கள் அண்ணலாரின் கன்னத்தில் தைத்தன. அவற்றைத் தம் பற்களாற் கடித்து இழுத்த அபூ உபைதா (ரலி) முன்பற்களை இழந்தார்கள். காக்கும் வளையமே அடியின் கடுமையால் காயப்படுத்தவும் கூடும். ஹிஜ்ரி 5இல் (627) அகழ்ப்போரின்போது ஸஅத் இப்னு முஆத் (ரலி) அணிந்திருந்த கவசம் குறுகியது. அவர்கள் கை வெளியே தெரிந்தது. அந்தக் கையில்தான் அம்பு தைத்தது. அக்காயமே பின்னர் அவர்கள் உயிரைக் கொண்டது. கவசம் நிறைவாக இருக்கவேண்டும், அதன் கண்ணி அளவாக இருக்கவேண்டும் என்ற இரு கட்டளைகளும் ஏன் அடுத்தடுத்து வந்தன என்பது இங்கே விளங்குகிறது.

அளவு பேணுமாறு கூறிய அதே வசனம், நற்செயல் புரியுமாறு ஏவி, செய்பவற்றை இறைவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று முடிகிறது. தாவூத் நபி தம் கைத்தொழிலின் வருவாயிலேயே உண்டார்கள் என்பது புகாரியில் வரும் நபிமொழி. கவசத்தை அணிபவன் பல்லாயிரம் வளையங்களையும் எண்ணிச் சோதிக்க இயலாது. செய்தவனின் நேர்மையை நம்பியே களம் புகுகிறான். எவர் கண்ணுக்கும் தனித்துத் தெரியாத ஒரு வளையத்திலும் அளவு பிறழாதிருப்பது தொழில்திறன் மட்டுமன்று, அமானிதமும் ஆகும்.