கருவிழிக்கும் மூச்சு உண்டு

நம் சரீரத்தில் இரத்தத்தின் தயவை நேரே நாடாமல் ஜீவிக்கும் பாகங்கள் மிகச் சில; அவற்றுள் பிரதானமானது, கைக்கடிகாரத்தின் மேல்மூடியைப் போல் கண்ணின் முன்புறத்தில் வளைந்து நிற்கும், வைத்தியர்கள் கார்னியா என்று சொல்லும் கருவிழிப் படலம். குறுக்களவில் ஏறத்தாழ 12 மில்லிமீட்டரும், நடுவிலே அரை மில்லிமீட்டர் கனமும் கொண்ட அந்தப் படலத்தில், ஒளி தங்குதடையின்றி ஊடுருவ வேண்டும் என்பதற்காகவே போலும், ஓர் இரத்தக் குழாய்கூடக் கிடையாது. ஆகையால் தனக்கு வேண்டிய பிராணவாயுவில் பெரும் பங்கை, கண்ணீரில் கரைந்து வரும் வெளிக்காற்றிலிருந்தே அது பெற்றுக்கொள்கிறது. கான்டாக்ட் லென்ஸ் என்ற சாதனம் மனிதர் கண்ணுக்கு இசைவாக அமைய முக்கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது ஏன், முதன்முதலில் அதை அணியப் போகிறவரிடம் பரிசோதகர் இத்தனை நிபந்தனைகள் விதிப்பது ஏன் என்ற கேள்விகளுக்கெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்திலேயே விடை அடங்கியிருக்கிறது.

ஜூரிச் நகரில் கண் வைத்தியராயிருந்த அடால்ஃப் ஃபிக் என்பவர், கருவிழியை முற்றும் மூடி வெள்ளைவிழியின்மேல் அமரும்படியான மெல்லிய கண்ணாடிக் கூடுகளை முதலில் முயல்களின் கண்களிலும், பிறகு தம் சொந்தக் கண்களிலும், அதற்கப்பால் சில நோயாளிகளின் கண்களிலும் பொருத்திப் பார்த்து, அந்த அனுபவத்தை 1888-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். கூட்டுக்கும் விழிக்கும் நடுவே அவர் நிரப்பியது திராட்சைச் சர்க்கரைக் கரைசல். இவ்வளவு பிரயாசைப்பட்டும் ஓரிரண்டு மணி நேரத்துக்குமேல் அதைத் தாங்க இயலவில்லை. அடுத்த ஆண்டில், கீல் சர்வகலாசாலையில் வைத்திய மாணவராயிருந்த ஆகஸ்ட் முல்லர், தமக்கிருந்த 14 டயாப்டர் கிட்டப்பார்வையைத் திருத்திக்கொள்ளும் ஆவலில் தாமே லென்ஸ் கடைந்து அணிந்து பார்த்தார். கண்ணை மரத்துப்போகச் செய்யும் கொக்கேயின் சொட்டுகளின் துணை இருந்தும் அரைமணி நேரமே அவருக்குச் சாத்தியமாயிற்று. கண்ணாடியின் கனமும் உறுத்தலும் ஒருபுறமிருக்க, காற்றுப் புகாத மூடியின் கீழ்க் கருவிழி மூச்சுத் திணறியதே இவ்விருவர் பட்ட அவதிக்கும் உள்ளுறைந்த காரணம் என்று இன்று நமக்குத் தெரிகிறது.

கண்ணாடிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் வந்த பிறகு, அமெரிக்காவில் கெவின் டூஹி என்பவர் 1948-இல் கருவிழியின்மேல் மட்டும் நிற்கும் சிறிய லென்ஸை உருவாக்கினார். அந்தப் பிளாஸ்டிக்கும் காற்றை விடாததுதான். எனினும் லென்ஸ் சிறியதாகையால் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அதன் அடியில் புதுக் கண்ணீர் புகுந்து பழையது வெளியேற, அக்கண்ணீரோடு பிராணவாயுவும் உள்ளே சென்றது.

கடினமான வில்லையை மிருதுவாக்கிய பெருமை செக்கோஸ்லோவாகிய ரசாயன நிபுணர் ஓட்டோ விக்டர்லேக்கு உரியது. நீரை உறிஞ்சி மெத்தென்றாகும் ஒரு பிளாஸ்டிக்கை அவரும் அவருடைய சகா டிரஹோஸ்லாவ் லிம்மும் முன்னரே கண்டுபிடித்திருந்தார்கள்; ஆனால் அதிலிருந்து ஓரம் கிழியாத லென்ஸ் செய்யும் வழி அகப்படாமல், அரசாங்கத்தின் ஆதரவும் நின்றுபோன நிலையில், 1961-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் விக்டர்லே தம் வீட்டிலேயே, பிள்ளைகள் விளையாடும் மெர்க்கூர் என்ற இரும்புத் துண்டுகளைப் பூட்டி, சைக்கிள் டைனமோவால் சுழலும் ஓர் யந்திரம் அமைத்தார். சுழலும் அச்சில் திரவத்தை விட்டு இறுகச் செய்தபோது, ஓரம் வழவழப்பான லென்ஸ் தானாகவே அமைந்தது. அந்த நாட்டு அதிகாரிகள் காப்புரிமையை அவரைக் கலந்தாலோசிக்காமலே அமெரிக்கருக்கு விற்றுவிட்டார்கள். அங்கே 1971-இல் மிருதுவான லென்ஸ் விற்பனைக்கு அனுமதி பெற்றது. விஞ்ஞானிக்குக் கிடைத்தது சொற்பம், வியாபாரிகளுக்குக் கிடைத்தது கோடிக்கணக்கு. தொண்ணூறுகளின் இறுதியில் சிலிக்கோன் கலந்த ரகம் வந்து, காற்றைப் பன்மடங்கு அதிகமாக உள்ளே விட்டது. இன்று கடைகளில் கிடைப்பவற்றில் தினம் ஒன்றாக அணிந்து எறிபவையும், மாதத்துக்கு ஒரு ஜோடி என்று வைத்துக்கொள்பவையும் பெரும்பான்மை. கருவிழி கூம்பிப்போகும் வியாதி உள்ளவர்களுக்கு மட்டும், காற்றை விடும் கடின லென்ஸே இன்னமும் பெரிதும் உதவுகிறது.

முதன்முறை லென்ஸ் அணிய விரும்புகிறவர், மூக்குக் கண்ணாடிச் சீட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதே எண்ணில் லென்ஸ் வாங்கிவிடலாம் என்று நினைப்பது இயல்பே, ஆனால் அப்படி முடியாது. கண்ணாடி, கண்ணிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது, லென்ஸோ கண்ணின்மேலேயே அமர்கிறது. இந்த இடைவெளி மறைவதால் மைனஸ் 8 கண்ணாடி போட்டவருக்கு மைனஸ் 7.25 அளவில் லென்ஸ் போதுமானதாகிறது. இதைவிட முக்கியமானது கருவிழியின் வளைவு. அதைக் கருவியால் அளந்து, அதற்கு ஏற்ற பரிசோதனை லென்ஸை அணிவித்து, இருபது முப்பது நிமிஷம் உட்கார வைத்த பிறகே, பரிசோதகர் ஸ்லிட் லாம்ப் என்ற உருப்பெருக்கி வழியாக, இமைக்கும்போது லென்ஸ் சற்றே நகர்ந்து மீண்டும் தன் இடத்துக்கு வருகிறதா என்று பார்க்கிறார். நகராமல் இறுகப் பிடித்த லென்ஸ், முதல் நாளில் மிகவும் சுகமாகவே தோன்றும். ஆனால் அதன் அடியில் கண்ணீர் தேங்கிக் கருவிழி வாடும். சுகமாயிருக்கிறது என்று அணிபவர் சொல்லும் சாட்சியத்தைப் பரிசோதகர் முழுதும் நம்பாமைக்கு இதுவே காரணம்.

பிறகுதான் அனைவரும் அஞ்சும் கட்டம். நடுவிரலால் கீழிமையைத் தாழ்த்தி, மறுகையால் மேலிமையை ரோமத்தோடு பிடித்து உயர்த்தி, ஆள்காட்டி விரல் நுனியில் நிற்கும் லென்ஸைக் கண்ணருகே கொண்டுவரும் அந்தக் கணத்தில், தூசியிலிருந்தும் பூச்சியிலிருந்தும் விழியைக் காத்துவந்த இமையின் சுபாவம், சொந்த விரலையும் பகையென்றே பாவித்துப் படீரென்று மூடிக்கொள்கிறது. என் சகோதரி மகள் இந்தக் கட்டத்தில் நாற்காலியோடு பின்வாங்கிக்கொண்டே போக, சொல்லிக்கொடுத்த பெண்மணி சற்றும் சலிக்காமல், “விரலைப் பார்க்காதீங்கம்மா, எதிர்லே இருக்கிற கண்ணாடியிலே உங்க கண்ணையே பாருங்க, மேலிமையை மட்டும் விட்டுடாதீங்க” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மேலிமையை விளிம்பிலேயே பற்றினால் அதனால் மூட முடியாது, ரகசியம் அவ்வளவுதான். லென்ஸ் நழுவிக் கண்ணுக்குப் பின்னால் போய்விடுமோ என்ற பயம் பலருக்கும் உண்டு. அது வீண் பயம். வெள்ளைவிழியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு, இமையின் உட்புறமாக மடிந்து திரும்பிவிடுவதால், பின்னால் போக வழியே இல்லை.

அணிந்து முடித்ததும் கிடைக்கும் ஆனந்தத்தைக் கனத்த கண்ணாடி போட்டவர்களே அறிவார்கள். மைனஸ் கண்ணாடி சிறிதாக்கிக் காட்டிய உலகம் தன் உண்மையான அளவுக்கு விரிகிறது. கண்ணாடிச் சட்டத்துக்கு வெளியே மங்கிக் கிடந்த ஓரங்கள் தெளிகின்றன. காப்பித் தம்ளரை வாயருகே கொண்டுபோனால் ஆவி படிவதில்லை. வெங்காயம் அரியும்போது கண் எரிவதுகூடப் பலருக்குக் குறைகிறது.

கழற்றுவதுதான் நம் தேசத்தில் தனியாகப் பேசவேண்டிய விஷயம். லென்ஸைக் கீழே வெள்ளைவிழிக்கு நகர்த்தி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்லக் கிள்ளி எடுக்க வேண்டும். சாம்பார் சாதம் பிசைந்த விரல்களும் அவையே. பச்சை மிளகாய் அரிந்த கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பின்னும் அதன் காரம் தோலில் பலமணி நேரம் தங்குமாதலால், மாலையில் சமைத்து இரவில் லென்ஸைக் கழற்றுகிற பெண்மணி படும் பாட்டை, மேல்நாட்டில் அச்சிட்ட விளக்கக் காகிதங்களில் நான் கண்டதில்லை. சமையலுக்கு முன்பே கழற்றிவிடுவது உத்தமம்.

கழற்றியதைத் தண்ணீரில் அலசுவது பெருந்தவறு. குழாய்த் தண்ணீரிலும், கிணற்றிலும், குளத்திலும், நீச்சல் தொட்டியிலும் அக்கந்தமீபா என்னும் ஓரணு ஜீவி வாழ்கிறது. லென்ஸில் ஒட்டிக்கொண்டு கருவிழிக்குள் புகுந்துவிட்டால், தாங்கமுடியாத வலியைத் தருவதோடு, மாதக்கணக்கில் சிகிச்சை செய்தும் சிலருக்குப் பார்வையைப் பறித்துவிடுகிறது. காய்ச்சி ஆறிய தண்ணீர், வீட்டில் கரைத்த உப்பு நீர், அவசரத்துக்கு வாயிலிட்டு எடுக்கும் எச்சில் ஆகிய எதுவும் உதவாது. அதற்கென்று விற்கும் கரைசல் ஒன்றே உகந்தது, அதையும் நேற்று ஊற்றியதன்மேல் இன்று ஊற்றாமல் தினமும் புதிதாக மாற்ற வேண்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வழக்கமுள்ளவர்கள் சீயக்காய்த் தூளும் எண்ணெயும் தண்ணீரும் போனபின், கண் நன்றாகத் தெளிந்தபிறகு லென்ஸை அணியட்டும்.

உறக்கத்தில் இமை மூடியிருக்கையில் கருவிழிக்குக் கிடைப்பது இமையின் உட்புறத்து இரத்தக் குழாய்கள் கசியவிடும் அற்பப் பிராணவாயுவே. அதற்கும் குறுக்கே லென்ஸை நிறுத்தினால் கிருமிகளுக்கு வாசல் திறந்த மாதிரி. இந்தப் பட்டினி நாள்தோறும் தொடர்ந்தால், இரத்தக் குழாயே இல்லாத படலத்துக்குள் ஓரத்திலிருந்து குழாய்கள் முளைத்து ஊர்ந்து வரத் தொடங்கும்.

முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் பெண்ணை அழைத்துக்கொண்டு ஓடிவரும் பெற்றோரை எந்தக் கண்ணாடிக் கடையிலும் பார்க்கலாம். புகைப்படத்தில் மூக்குக் கண்ணாடி தெரியக்கூடாது என்ற அவர்களுடைய கவலையில் எனக்கு அனுதாபம் குறைவு. ஆனால் அதைவிட, முதல் வாரத்தில் தினம் நான்கு மணி நேரத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டிய ஒரு பழக்கத்தை, விடியற்காலையிலிருந்து ராத்திரி வரவேற்பு வரை ஓமப் புகைக்கு நடுவே ஒரே மூச்சில் அனுபவிக்கச் சொல்வதுதான் கொடுமையாகப் படுகிறது. ஒரு மாதம் முன்னதாக வந்தால் போதும். அலங்காரச் சாமான் கடைகளில் பவர் இல்லாமல் விற்கும் நீல, பச்சை லென்ஸ்களை வாங்குவோரும், பார்வைக் குறை இல்லையே என்று அலட்சியம் செய்யாமல் வளைவைச் சோதித்துக்கொள்ள வேண்டும். கருவிழிக்குத் தன்மேல் அமர்ந்திருப்பது பவர் உள்ளதா இல்லாததா என்ற பேதம் தெரியாது.

நாற்பதைக் கடந்த கிட்டப்பார்வைக்காரர்கள் முதன்முறை லென்ஸ் போட்ட அன்று, தெருப் பலகைகளையெல்லாம் ஸ்பஷ்டமாகப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து பத்திரிகையைப் பிரித்தால் எழுத்து கலங்குவதைக் கண்டு திகைப்பதுண்டு. மைனஸ் கண்ணாடி, விழியிலிருந்து தள்ளி நிற்கிற காரணத்தால், கிட்டத்துப் பொருளைப் பார்க்கும் சிரமத்தை இத்தனை நாளும் ஓரளவு தானே சுமந்துவந்தது. லென்ஸ் அந்தச் சலுகையைத் தருவதில்லை. ஒரு கண்ணுக்குத் தூரத்துக்கும் மற்றதற்குக் கிட்டத்துக்குமாக லென்ஸ் கொடுத்துப் பார்ப்பது ஓர் உபாயம். மூளை சில வாரங்களில் இணங்கிவிடுகிறவர்களும் உண்டு, தலைசுற்றி வேண்டாமென்று விடுகிறவர்களும் உண்டு. இல்லையேல் படிப்பதற்கென்று எளிய கண்ணாடி ஒன்றை லென்ஸோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். எந்த வயதினராயினும் பழைய மூக்குக் கண்ணாடியைத் தானம் செய்துவிடக் கூடாது. கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சத்தைக் கண்டு கூசினாலோ, பார்வை மங்கினாலோ லென்ஸை உடனே கழற்றி அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கழற்றிய லென்ஸையும் அதன் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு, அன்றைக்கே கண் வைத்தியரிடம் போக வேண்டியிருக்கும்.