அஜெண்டா வந்தாச்சு, உள்ளே வாங்க!

சினிமா ஷூட்டிங் என்றால் தெருவே கூடும். கிரிக்கெட் வீரர்கள் வலைப்பயிற்சி என்றால் மதில் ஏறிப் பார்ப்பார்கள். என் ஆசை கொஞ்சம் விபரீதமானது. எனக்கு மாநகராட்சி மன்றக் கூட்டம் பிடிக்கும். "கால்வாய், குப்பை, கொசு... இதைப் போய் ஆசைப்பட்டுப் பார்ப்பார்களா?" என்று வீட்டில் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். சத்தியமாகப் பார்ப்பேன். பாப்கார்ன் கொடுத்தால் இன்னும் நன்றாகப் பார்ப்பேன். அதனால், செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு என்னோடு வாருங்கள். சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக்குள் போகிறோம்!

சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் கண்ணைப் பறிக்கிற வெள்ளை மாளிகை இதுதான். 1909-இல் அடிக்கல் நாட்டி, 1913 நவம்பரில் திறந்தார்கள். ஆன செலவு ஏழரை லட்சம் ரூபாய். இன்று அந்தக் காசுக்குச் சென்னையில் ஒரு படுக்கையறைகூடத் தேறாது! வரைந்தவர் ஹாரிஸ், கட்டியவர் லோகநாத முதலியார். நடுவில் 132 அடி உயரத்துக்கு ஒரு கோபுரம், அதில் ஒரு கடிகாரம். இன்னும் சாவி கொடுத்துத்தான் ஓடுகிற கடிகாரம் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு அதன்மேல் தனிப் பாசம். நகரத்தின் நிர்வாகமும் அப்படித்தானே? தினமும் யாராவது ஒருவர் மேலே ஏறிச் சாவி கொடுத்தால்தான் ஓடும்.

பெயருக்குக் காரணமான ரிப்பன் பிரபு 1882-இல் உள்ளாட்சிக்கு வழி திறந்துவிட்ட வைஸ்ராய். "ரிப்பன் எங்கள் அப்பன்" என்று நம் ஊர்க்காரர்கள் எதுகையோடு கொண்டாடிய ஒரே வெள்ளைக்காரர் அவராகத்தான் இருக்கும்.

சரி, மாளிகையை ரசித்தது போதும். உள்ளே நாடகம் தொடங்குவதற்கு முன்னால், ஒப்பனை அறையை எட்டிப்பார்த்துவிடுவோம்.

மன்றக் கூட்டத்தின் உண்மையான கதாநாயகன் மேயரும் இல்லை, கமிஷனரும் இல்லை. ஒரு காகிதக் கட்டு. அதன் பெயர் அஜெண்டா. கூட்டத்துக்கு முன்பே உறுப்பினர்கள் கைக்கு வந்துவிடும். அதில் இருக்கும் ஒவ்வொரு விஷயத்துக்கும் 'பொருள்' என்று பெயர். "அந்தப் பொருள் வந்துச்சா?" என்று இரண்டு கவுன்சிலர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டால் பதற வேண்டாம். மழைநீர் வடிகாலைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

ஒரு பொருள் பிறக்கும் கதை இருக்கிறதே, அது பிரசவத்தைவிட நீளம். நாலைந்து தெருக்கள் இருட்டாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவாசிகள் கவுன்சிலரைப் பிடிக்கிறார்கள். கவுன்சிலர் கடிதம் கொடுக்கிறார். பொறியாளர் வந்து தெருவை அளக்கிறார், எத்தனை கம்பம், எத்தனை விளக்கு என்று கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்குக்கு 'மதிப்பீடு' என்று பெயர். கோப்பு ஒரு மேசையில் உட்கார்ந்து, எழுந்து, அடுத்த மேசையில் உட்கார்கிறது. மண்டலம், துறை, நிலைக்குழு எனப் படியேறுகிறது. தொகை பெரிதாக இருந்தால் மன்றத்தின் கதவைத் தட்டுகிறது. அங்கே அதற்கு ஓர் எண் கிடைக்கிறது. அந்த எண்தான் பெயர்சூட்டு விழா.

அப்புறம் அந்த மொழி! அலுவலகத் தமிழுக்கு நான் பரம ரசிகன். ஒரு பொருள் முழுவதும் ஒரே வாக்கியத்தில் ஓடும். நடுவில் மூச்சு வாங்க இடம் கிடையாது. கடைசியில், களைத்துப்போன பயணி திண்ணையில் சரிவதுபோல, "மன்றத்தின் அனுமதி கோரப்படுகிறது" என்று முடியும். அதிலும் என் செல்லச் சொல் 'பின்னேற்பு'. வேலையை முடித்துவிட்டு, பிறகு மன்றத்திடம் ஒப்புதல் வாங்குவது. அவசரத்துக்கு அது தேவைதான். ஆனாலும் டப்பாவிலிருந்த முறுக்கைத் தின்றுவிட்டு, "அம்மா, ஒண்ணு எடுத்துக்கட்டுமா?" என்று கேட்கிற குழந்தை முகம் எனக்கு ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

இதோ, கூட்டம் தொடங்குகிறது!

மேயர் வருகிறார். அங்கி, கழுத்தில் தங்கச் சங்கிலி. குப்பை லாரியைப் பற்றிப் பேசப்போகும் இடத்தில் இவ்வளவு ராஜ களை எதற்கு என்று கேட்காதீர்கள். இந்த மாநகராட்சிக்கு வயது அப்படி. 1688 செப்டம்பர் 29 அன்று, இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் சாசனத்தோடு தொடங்கியது. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். பிரிட்டனுக்கு வெளியே, காமன்வெல்த் நாடுகளிலேயே மூத்த மாநகராட்சி என்ற பெருமை இதற்கு உண்டு. அந்த வயசுக்கு ஒரு சங்கிலி போட்டுக்கொண்டால் என்ன தப்பு?

2022 மார்ச்சில் இந்தச் சங்கிலியை அணிந்துகொண்ட ஆர்.பிரியாவுக்கு அப்போது வயது 28. சென்னையின் முதல் தலித் பெண் மேயர். அவருக்கு முன்னால் தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் என்று இரண்டே பெண்கள்தாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போதோ உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. அவையைச் சுற்றிப் பாருங்கள், பட்டும் பருத்தியுமாக எத்தனை புடவைகள்! 200 வார்டு, 426 சதுர கிலோமீட்டர். எண்ணூர்க் கவலையும் சோழிங்கநல்லூர்க் கவலையும் ஒரே கூரைக்குக் கீழே தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

இவர்களுக்குச் சம்பளம் எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மாதந்தோறும் மதிப்பூதியம் என்று ஒன்று 2023-இல்தான் வந்தது. மேயருக்கு 30,000, துணை மேயருக்கு 15,000, கவுன்சிலருக்கு 10,000 ரூபாய். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வார்டில் வைக்கிற மொய்க்கே அது காணாது!

முதலில் கேள்வி நேரம். பிறகு எல்லோரும் காத்திருக்கும் நேரமில்லா நேரம். என்ன பெயர் பாருங்கள்! எழுந்து நிற்பவர் முதலில் "வணக்கத்துக்குரிய மேயர் அவர்களே" என்றோ "மாண்புமிகு மேயர் அவர்களே" என்றோ தொடங்குவார். தலைவர்களுக்கு வணக்கம், வாக்களித்த மக்களுக்கு நன்றி, ஊர்ப் பெருமை இரண்டு வரி. இதெல்லாம் முடிந்து விஷயத்துக்கு வருவதற்குள் கொடுத்த நிமிடங்கள் தீர்ந்துபோகும். "சுருக்கமாகப் பேசுங்கள்" என்று மேடையிலிருந்து குரல் வரும். அப்போதுதான் அசல் பேச்சே பிறக்கும். "எங்க வார்டுல மூணாவது தெருவுல..." என்று ஆரம்பித்துவிட்டால் அடுக்குமொழியெல்லாம் காற்றில் பறந்துவிடும். எந்தத் திருப்பத்தில் தண்ணீர் தேங்கும், எந்தப் பள்ளிக்கூட வாசலில் நாய்கள் கூடும், எந்த மூலையில் மாடு படுத்திருக்கும் என்று விரல்நுனியில் வைத்திருப்பார்கள். கூகுள் மேப்புக்கே தெரியாத சென்னை அது.

தமிழ்நாட்டு மன்றங்களில் கலைநிகழ்ச்சிக்கும் பஞ்சமில்லை. கொசுவலையைப் போர்த்திக்கொண்டு வருவார்கள். கலங்கிய குடிநீரைப் பாட்டிலில் பிடித்து வந்து ஆட்டிக் காட்டுவார்கள். வெளிநடப்பும் ஒரு தனிக் கலை. அதற்குச் சரியான முகம் வேண்டும், சரியான நடை வேண்டும், வாசலில் சரியாக மைக்குகள் இருக்க வேண்டும். நடந்து வெளியேறி, பேட்டி கொடுத்து, மூச்சு வாங்கி, தேநீருக்குத் திரும்பிவிடுகிறவர்களும் உண்டு. தேநீர் எல்லாக் கட்சிக்கும் பொது.

இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் பிறகுதான் அன்றைய அசல் வேலை. அது கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பதால் பலரும் தவறவிட்டுவிடுகிறார்கள். பொருள் எண்கள் வாசிக்கப்படும். எதிர்ப்பு இருப்பவர்கள் சொல்லலாம். இல்லையென்றால் மேசை தட்டும் சத்தம், அதன்மேல் ஒரு சொல்: "நிறைவேற்றப்பட்டது." பேச்சுவழக்கில், "பாஸ்!" ஒரு வடிகால், ஒரு பூங்கா, ஒரு மயானக் கூரை, ஒரு ஒப்பந்தப்புள்ளி. பாஸ், பாஸ், பாஸ். கோயில் பிராகாரத்தில் நூற்றெட்டு சுற்றுகிறவர் கடைசிச் சுற்றுகளில் ஓடுவாரே, அந்த வேகம். மாதக்கணக்கில் படியேறி வந்த கோப்பு, ஒரு நொடியில் தீர்மானமாகிவிடுகிறது.

இதில் மயிர்க்கூச்செறிய என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஒரு பழைய பொருளைச் சொல்கிறேன். 1920 செப்டம்பர் 16. இதே மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவர். ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க ஒரு தீர்மானம். தலைக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று நிபந்தனை. ஒரு பள்ளி, ஒரு அணா. எத்தனையோ பொருள்களுக்கு நடுவில் அதுவும் ஒன்று. பிறகு 1956-இல் காமராஜரின் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-இல் காலை உணவு. இத்தனை பந்திக்கும் முதல் இலை விழுந்த இடங்களில் ஒன்று அந்த மன்ற அஜெண்டா. அன்றைக்கு யாராவது கொட்டாவி விட்டிருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை.

சத்தியமூர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1939-இல் மேயரானவர். தாகத்தில் தவித்த நகரத்துக்குப் பூண்டி நீர்த்தேக்கம் வேண்டும் என்று விடாமல் நின்றார். 1940-இல் அடிக்கல். 1943-இல் அவர் காலமானார், 1944-இல் நீர்த்தேக்கம் முடிந்தது. அவர் கோப்புகளோடு மல்லுக்கட்டியதால் கிடைத்த தண்ணீரை இந்த நகரம் இன்றும் குடிக்கிறது.

இப்போது ஒரு நிமிடம் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறேன். இந்தச் சத்தமே இல்லாத காலமும் இருந்தது. மஸ்டர் ரோல் என்கிற தொழிலாளர் வருகைப் பதிவேட்டில் ஊழல் வெடித்து, 1973-இல் மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-இல்தான் வந்தது. அப்போது மு.க.ஸ்டாலின் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயரானார். இடையில் 23 ஆண்டுகள்! ஒரு குழந்தை பிறந்து, படித்து, வேலைக்கும் போயிருக்கும். அதுவரை அதன் தெருவுக்கென்று ஒரு கவுன்சிலர் இல்லை. 2016-லிருந்து 2022 வரை மறுபடியும் ஒரு மௌனம். அந்த ஆண்டுகளிலும் கோப்புகள் நகர்ந்தன, கையெழுத்துகள் விழுந்தன. கொசுவலையைப் போர்த்திக்கொண்டு வந்து நிற்கத்தான் ஆளில்லை. "எங்க வார்டுல மூணாவது தெருவுல" என்ற குரல் இல்லை. ஊழலுக்குத் தண்டனையாக மூடிய வாய், தெருக்காரர்களின் வாய். அது தெரிந்த நாளிலிருந்து, மன்றக் கூச்சல் என் காதில் நாதஸ்வரமாகத்தான் கேட்கிறது. சுருதி கொஞ்சம் விலகினால் என்ன, கச்சேரி நடக்கிறதே!

கூட்டம் முடிந்தது. அங்கி கழற்றியாகிவிட்டது, மைக்குகள் அணைந்துவிட்டன, காலி தேநீர்க் கோப்பைகளைச் சேகரிக்கிறார்கள். அஜெண்டா கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண் கவுன்சிலர் படியிறங்குகிறார் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். கைப்பேசி அலறுகிறது. யார் என்று பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

"அக்கா, நம்ம தெரு லைட்டு இன்னாச்சுக்கா?"

"பாஸ் ஆயிடுச்சும்மா!" குரலில் அப்படி ஒரு பெருமிதம்.

மறுமுனையில் ஒரு கணம் அமைதி. பிறகு மெதுவாக ஒரு கேள்வி:

"பாஸ் ஆனா எரியுமாக்கா?"

மேலே கோபுரத்தில் கடிகாரம் மணியடிக்கிறது. கவுன்சிலர் சிரித்துக்கொண்டே ஆட்டோவைக் கைகாட்டுகிறார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு கேள்வி கிடைத்தாயிற்று.