சீனாவின் வளர்ச்சியும் யுவானின் மதிப்பும்

நாணயத்தின் மதிப்பு உயர்ந்தால் நாடும் உயரும் என்பது பலரின் எண்ணம். சீனாவின் பொருளாதார வரலாறோ வேறொரு பாடத்தைக் கற்பிக்கிறது. தன் நாணயமான யுவானின் மதிப்பை விரைந்து உயரவிடாமல் கட்டுப்படுத்தியதும் அந்நாட்டின் ஏற்றுமதி பெருகத் துணைபுரிந்தது. ஆயினும், அதற்காகச் சீன மக்கள் ஒரு விலையைக் கொடுக்க வேண்டியிருந்தது.

1978ஆம் ஆண்டின் இறுதியில், டெங் சியாவ்பிங் தலைமையில் சீனா பொருளாதாரச் சீர்திருத்தங்களைத் தொடங்கியது. கூட்டுப்பண்ணைகளில் உழைத்த விவசாயிகள், அரசுக்குரிய பங்கு போக எஞ்சிய விளைச்சலைச் சந்தையில் விற்கப் படிப்படியாக அனுமதிக்கப்பட்டனர். 1980இல் ஷென்சென் உள்ளிட்ட நான்கு நகரங்களில் சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் அமைக்கப்பட்டன. அங்கு வெளிநாட்டு நிறுவனங்கள் தொழிற்சாலைகளை நிறுவின. கிராமப்புற மக்கள் வேலை தேடித் திரண்டு வந்தனர். ஹாங்காங்கை ஒட்டிய சிற்றூராக இருந்த ஷென்சென், இன்று 17 மில்லியனுக்கும் அதிகமானோர் வாழும் மாநகரமாகத் திகழ்கிறது.

தொழிற்சாலைப் பொருள்கள் உலகச் சந்தையில் விற்பனையாக வேண்டுமானால் அவற்றின் விலை மலிவாக இருக்க வேண்டும். இதனை நாணய மாற்று விகிதமும் தீர்மானிக்கிறது. எடுத்துக்காட்டாக, சீனாவில் ஒரு சட்டையின் விலை 80 யுவான் எனக் கொள்ளலாம். 1 அமெரிக்க டாலருக்கு 8 யுவான் என்றால், அமெரிக்கர் அதனை 10 டாலருக்கு வாங்கலாம். 1 டாலருக்கு 5 யுவான் என்றால், அவர் 16 டாலர் கொடுக்க வேண்டும். துணியும் மாறவில்லை, தையற்கூலியும் மாறவில்லை. யுவானின் மதிப்பு உயர்ந்ததால் மட்டுமே சட்டையின் விலை ஏறுகிறது.

1990களின் பிற்பகுதி முதல் 2005 வரை, 1 டாலருக்கு ஏறத்தாழ 8.28 யுவான் என்ற விகிதத்தைச் சீனா நிலைநிறுத்தியது. ஏற்றுமதி பெருகும்போது டாலர் நாட்டிற்குள் குவியும். ஏற்றுமதியாளர்கள் அதனைக் கொடுத்து யுவானைக் கேட்பர். தேவை கூடும்போது யுவானின் மதிப்பும் உயரும். அதனைத் தடுக்க, மத்திய வங்கியான சீன மக்கள் வங்கி யுவானை வெளியிட்டு டாலரை வாங்கியது. 2005க்குப் பின் யுவான் மெல்ல உயர்ந்தபோதும் இப்பணி தொடர்ந்தது. அதனால், 2014இல் அந்நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு ஏறத்தாழ 4 டிரில்லியன் டாலரை எட்டியது.

இதற்கிடையே, 2001இல் சீனா உலக வணிக அமைப்பில் இணைந்தது. 2010இல் ஜப்பானை முந்தி, உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரமாக உயர்ந்தது. சீர்திருத்தம் தொடங்கிய 40 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 மில்லியன் மக்கள் கடும் வறுமையிலிருந்து மீண்டதாக உலக வங்கி கூறுகிறது.

எனினும், மதிப்புக் குறைந்த நாணயம் இருமுனைக் கத்தியைப் போன்றது. ஏற்றுமதியாளருக்கு அது நன்மை தரும். ஆனால், எண்ணெய், இயந்திரம் போன்ற இறக்குமதிப் பொருள்களின் விலை கூடும். தொழிலாளியின் சம்பளத்தில் வாங்கக்கூடிய வெளிநாட்டுப் பொருள்கள் குறையும். புழக்கத்தில் பணம் மிகுந்தால் விலைவாசியும் ஏறலாம். மலிவான சீனப் பொருள்களால் தங்கள் தொழிற்சாலைகள் மூடப்படுவதாக அமெரிக்காவிலும் குறைகூறல்கள் எழுந்தன.

நாணயக் கொள்கையின் தாக்கம் அண்டை நாடுகளையும் எட்டும். 1997இல் ஆசிய நிதி நெருக்கடியின்போது தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா ஆகிய நாடுகளின் நாணயங்கள் சரிந்தன. சீனா யுவானின் மதிப்பைக் குறைக்கவில்லை. குறைத்திருந்தால், அந்நாடுகளின் ஏற்றுமதி மேலும் பாதிக்கப்பட்டிருக்கும். 1998இல் மலேசியா, 1 டாலருக்கு 3.80 ரிங்கிட் என விகிதத்தை நிலைப்படுத்தியது. 2005 ஜூலை 21இல் சீனா தன் நிலையான விகிதத்தைக் கைவிட்டது. அதே நாளில் மலேசியாவும் ரிங்கிட்டின் நிலையான விகிதத்தை நீக்கியது.

சீனாவின் வளர்ச்சிக்கு யுவான் மட்டுமே காரணமன்று. மக்களின் கடும் உழைப்பு, சேமிப்பு, கல்வி, உள்கட்டமைப்பு ஆகியவையும் அதற்கு அடித்தளமாயின. நாணய மதிப்பு உயர்ந்தாலும் தாழ்ந்தாலும், ஒரு சாரார் பயனடைவர். மறுசாரார் சுமையைத் தாங்குவர். அச்சுமையை யார் தாங்குவது என்பதையும் எண்ணிப் பார்த்து முடிவெடுப்பதே நல்ல பொருளாதாரக் கொள்கையாகும்.