ஆல்-இன்-ஒன் கணினியில் புற வரைகலை அட்டை

ஆல்-இன்-ஒன் கணினியில் புற வரைகலை அட்டை என்பது, திரையும் கணினியின் பிற பகுதிகளும் ஒரே கூட்டினுள் அமைந்த கணினியின் வரைகலைத் திறனை உயர்த்தும் பொருட்டு, கூட்டுக்கு வெளியே வைத்து வடம் மூலம் இணைக்கப்படும் வரைகலை அட்டையைக் குறிக்கும். இவ்வகைக் கணினிகள் பெரும்பாலும் மடிக்கணினிக்குரிய பகுதிகளைக் கொண்டு ஆக்கப்படுகின்றன. மேசைக்கணினியின் தாய்ப்பலகையில் காணப்படும் நீண்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகுவாய் பெரும்பாலானவற்றில் இருப்பதில்லை. எனவே வெளியிணைப்பே எஞ்சும் வழியாகிறது. எல்லா ஆல்-இன்-ஒன் கணினிகளிலும் இது இயலாது. இயலுமா என்பதை அட்டையை வாங்கும் முன்னரே சோதித்து அறியலாம்.

தேவை

நிகழ்படத் தொகுப்பு, முப்பரிமாண வடிவமைப்பு, கணினி விளையாட்டு, இயந்திரக் கற்றல் ஆகியவற்றுக்குச் செயலியுடன் ஒன்றிய வரைகலைப் பகுதி போதாமல் போகலாம். எடுத்துக்காட்டாக, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள கூட்டேரிப்பட்டில் திருமண நிகழ்படங்களைத் தொகுக்கும் ஒருவரோ, ஊரிலிருந்து கல்லூரிக்குச் சென்றுவரும் பொறியியல் மாணவரோ, இடவசதி கருதி ஆல்-இன்-ஒன் கணினியை வாங்கியிருக்கலாம். பின்னர் வேலை பெருகும்போது, கணினியை மாற்றுவதா, அட்டையைச் சேர்ப்பதா என்ற கேள்வி எழுகிறது. பொருந்தாத அட்டையை வாங்கினால் அச்செலவு முழுவதும் வீணாகும்.

வரலாறு

2008-இல் ஏடிஐ எக்ஸ்ஜிபி என்ற புற வரைகலை முறை மடிக்கணினிகளுக்காக அறிமுகமானது. 2011-இல் வெளிவந்த தண்டர்போல்ட் இணைப்பு, பிசிஐ எக்ஸ்பிரஸ் தரவை வடம் வழியே வெளிக்கொணர்ந்தது. 2015-இல் அறிவிக்கப்பட்ட தண்டர்போல்ட் 3 நொடிக்கு 40 கிகாபிட் வேகத்தை எட்டிய பின்னரே இம்முறை பரவலானது. மார்ச் 2018-இல் வெளியான மேக் ஓஎஸ் 10.13.4 பதிப்பில் ஆப்பிள் நிறுவனம் இதற்கு முறையான ஆதரவு அளித்தது. இதனால் 2017 முதல் வெளியான இன்டெல் செயலி கொண்ட ஐமாக் கணினிகளில் ஏஎம்டி அட்டைகளை இணைக்க முடிந்தது. 2021-இல் வெளியான, ஆப்பிளின் சொந்தச் செயலி கொண்ட 24 அங்குல ஐமாக்கில் இந்த ஆதரவு இல்லை.

இணைப்பு வகைகள்

தண்டர்போல்ட் துறை: இதுவே எளிய வழி. அட்டையை மின்வழங்கியுடன் கூடிய தனிப்பெட்டியில் பொருத்தி, ஒரே வடத்தால் கணினியுடன் இணைக்கலாம். யூஎஸ்பி-சி வடிவத் துறைகள் அனைத்தும் தண்டர்போல்ட் துறைகள் அல்ல. துறையின் அருகே மின்னல் குறி உள்ளதா என்று பார்ப்பதுடன், கணினியின் கையேட்டிலும் உறுதிசெய்ய வேண்டும். சில யூஎஸ்பி4 துறைகளும் இதற்குப் பயன்படும்.

எம்.2 செருகுவாய்: திண்மநிலை வட்டுக்கான எம்.2 செருகுவாயில் நான்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்கள் இருக்கலாம். அதில் ஒரு மாற்றுப்பலகையைச் செருகி, வடத்தைக் கூட்டுக்கு வெளியே கொண்டுவரலாம். சாட்டா வட்டுகளை மட்டும் ஏற்கும் எம்.2 செருகுவாய் பயன்படாது. ஒரே எம்.2 செருகுவாய் உள்ள கணினியில், இயக்குதளத்தை முதலில் சாட்டா வட்டுக்கு மாற்ற வேண்டும்.

கம்பியில்லா வலையட்டையின் செருகுவாய்: இதில் பொதுவாக ஒரே தடம் உள்ளதால் வேகம் மிகக் குறைவு.

சாதாரண யூஎஸ்பி துறையில் செருகும் திரை மாற்றிகள் கூடுதல் திரையை இயக்க மட்டுமே உதவும். அவை வரைகலைத் திறனைக் கூட்டுவதில்லை.

தரவு வேகமும் பயனும்

மேசைக்கணினியில் 16 தடங்கள் கொண்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 செருகுவாய் நொடிக்கு ஏறத்தாழ 15.75 கிகாபைட் தரவைக் கடத்தும். நான்கு தடங்களில் இது 3.94 கிகாபைட்டாகக் குறையும். தண்டர்போல்ட் 3 இணைப்பில் நடைமுறையில் இதைவிடவும் குறைவாகவே கிடைக்கும்.

கணினியின் சொந்தத் திரையிலேயே படத்தைக் காட்ட வேண்டுமானால், அட்டை உருவாக்கிய படம் அதே வடம் வழியே திரும்பி வர வேண்டும். 1920 × 1080 படப்புள்ளிகள் கொண்ட ஒரு படம், புள்ளிக்கு 4 பைட்டு வீதம், ஏறத்தாழ 8.3 மெகாபைட் ஆகும். நொடிக்கு 60 படங்கள் எனில் ஏறத்தாழ 500 மெகாபைட். 3840 × 2160 திரைக்கு இது நான்கு மடங்காகும். எனவே அட்டையிலேயே நேரடியாக ஒரு தனித்திரையை இணைப்பது நல்ல பயன் தரும். விளையாட்டுகளில் இழப்பு மிகுதியாகத் தெரியும். தரவை ஒருமுறை ஏற்றிவிட்டு நெடுநேரம் கணிக்கும் முப்பரிமாணப் படவாக்கம், இயந்திரக் கற்றல் போன்ற பணிகளில் இழப்பு குறைவு.

மின்வழங்கல்

ஆல்-இன்-ஒன் கணினியின் மின்வழங்கி அதன் சொந்தத் தேவைக்கு மட்டுமே அளவிடப்பட்டது. முழு அளவுச் செருகுவாய் ஓர் அட்டைக்கு 75 வாட் வரை வழங்கும். கூடுதல் தேவைக்கு 6 ஊசி இணைப்பி 75 வாட்டும், 8 ஊசி இணைப்பி 150 வாட்டும் வழங்கும். எம்.2 செருகுவாயால் இவ்வளவு மின்சாரம் தர இயலாது. ஆகவே தனி மின்வழங்கி இன்றியமையாதது.

மின்தடை நேரும் இடங்களில் தடையில்லா மின்வழங்கியின் அளவையும் கணக்கிட வேண்டும். 600 வோல்ட்-ஆம்பியர் எனக் குறிக்கப்பட்ட கருவிகள் பல 360 வாட் மட்டுமே தருபவை. கணினிக்கு 120 வாட்டும் அட்டைக்கு 170 வாட்டும் தேவைப்பட்டால், மின்வழங்கிகளின் இழப்பையும் சேர்க்கும்போது அந்த வரம்பை நெருங்கிவிடும். கணினியையும் அட்டையின் மின்வழங்கியையும் நிலத்தொடுப்புள்ள ஒரே மின்பலகையில் இணைப்பது பாதுகாப்பானது.

பொருத்தும் முறை

1. முக்கியமான கோப்புகளைப் படியெடுத்து வைத்தல்.
2. எம்.2 முறை எனில், மின்சாரத்தை முற்றிலும் துண்டித்த பின்னரே கூட்டைத் திறந்து மாற்றுப்பலகையைச் செருகுதல். கணினி இயங்கும்போது இவ்வடத்தைச் செருகவோ பிடுங்கவோ கூடாது.
3. அட்டையின் மின்வழங்கியை முதலில் இயக்கி, பின்னர் கணினியை இயக்குதல்.
4. அட்டை உற்பத்தியாளரின் இயக்கி மென்பொருளை நிறுவுதல்.
5. விண்டோசு சாதன மேலாளரில் அட்டை பிழையின்றித் தோன்றுகிறதா எனப் பார்த்தல். பிழை எண் 12 தோன்றினால், அட்டைக்குத் தேவையான நினைவக முகவரி இடம் கிடைக்கவில்லை என்று பொருள். பயோசைப் புதுப்பிப்பதாலோ, ஏற்கெனவே உள்ள தனி வரைகலைப் பகுதியை முடக்குவதாலோ இது சில வேளைகளில் தீரும்.

மாற்று வழிகள்

தனிப்பெட்டி, அட்டை, மின்வழங்கி, கூடுதல் திரை ஆகியவற்றின் மொத்த விலை ஒரு மேசைக்கணினியின் விலையை நெருங்கக்கூடும். தண்டர்போல்ட் துறையோ தகுந்த எம்.2 செருகுவாயோ இல்லாத கணினிக்கு, தனி மேசைக்கணினி வாங்குவதே பொருத்தமானது. ஆல்-இன்-ஒன் கணினியில் எச்டிஎம்ஐ உள்ளீட்டுத் துறை இருப்பின், அதன் திரையைப் புதிய கணினிக்குப் பயன்படுத்தலாம். நினைவகத்தைக் கூட்டுவதும், வன்தட்டுக்குப் பதிலாகத் திண்மநிலை வட்டைப் பொருத்துவதும் செலவு குறைந்த மேம்பாடுகள். மந்தத்திற்குக் காரணம் வரைகலைத் திறன் குறைவுதானா என்பதைப் பணி நடக்கும்போது பணி மேலாளரில் பார்த்து அறியலாம்.

இவற்றையும் பார்க்க

வரைகலைச் செயலி
தாய்ப்பலகை
பிசிஐ எக்ஸ்பிரஸ்
தடையில்லா மின்வழங்கி