சிமிழுக்குள் ஓர் எரிமலை

எரிமலையின் வாயிலிருந்து பாறைக்குழம்பு பொங்கி வழிவதைப் படங்களிலே கண்டிருக்கிறோம். வெளியே வருமுன் அக்குழம்பு எங்கே தங்கியிருந்தது? எவ்வளவு ஆழத்தில், எத்துணை வெப்பத்தோடு, எவ்வளவு அமுக்கத்தின் கீழ்க் கிடந்தது? அங்கே இறங்கிப் பார்த்து மீண்டவர் எவருமிலர். ஆயினும் இவ்வினாக்களுக்கு விஞ்ஞானிகள் விடை கண்டிருக்கிறார்கள். அவ்விடை கிடைத்த இடம் மலையுச்சியன்று; விரல் நீளங்கூட இல்லாத ஓர் உலோகச் சிமிழ்!

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள சென்ற் ஹெலன்ஸ் மலையை எடுத்துக்கொள்வோம். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உறங்கிக் கிடந்த இம்மலை 1980ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் விழித்தது. நிலம் நடுங்கிற்று, ஆவி சீறிற்று, வடபுறச் சரிவு நாளொன்றுக்கு ஐந்தடி, ஆறடியாகப் புடைத்து வந்தது. மே மாதம் 18ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி 32 நிமிடத்திற்கு எழுந்த நடுக்கத்தில் அச்சரிவு முழுவதும் பெயர்ந்து வீழ்ந்தது. மூடி கழன்ற சோடாப் போத்தலைப் போல மலை பீறிட்டது. 57 பேர் மாண்டனர். ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர் தொலைவில் நின்று மலையைக் கவனித்துக்கொண்டிருந்த டேவிட் ஜோன்ஸ்டன் என்னும் முப்பது வயது விஞ்ஞானியும் அவர்களுள் ஒருவர்.

ஒன்பது மணி நேரம் ஓயாது எழுந்த சாம்பலோடு வெண்ணிற நுரைக்கற்களும் வந்து விழுந்தன. அவையே நமக்குக் கிடைத்த சாட்சிகள். அக்கல்லை மெல்லிய தகடாகத் தேய்த்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், கண்ணாடி போன்ற பொருளிடையே சிறுசிறு பளிங்குகள் பதிந்திருக்கக் காணலாம். கண்ணாடி, வெளியே வந்தபோது சடுதியில் உறைந்த குழம்பு. பளிங்குகளோ, பாகிலே கற்கண்டு விளைவது போல, ஆழத்திலே ஆறுதலாக வளர்ந்தவை.

பாறையை உலையில் உருக்கி, விரைந்து குளிர்ந்தால் கண்ணாடியும் மெல்லக் குளிர்ந்தால் பளிங்கும் உண்டாவதை அன்றே காட்டியவர் ஸ்கொத்லாந்து நாட்டு ஜேம்ஸ் ஹால். அவருடைய நண்பரும் பெரும் நிலவியலறிஞருமான ஜேம்ஸ் ஹட்டனுக்கோ, இயற்கையின் பெருந்தொழிலைச் சிறு மூசையிலே அளந்துவிடலாம் என்பதில் நம்பிக்கையில்லை. ஹட்டன் 1797இல் மறையும்வரை காத்திருந்து, அடுத்த ஆண்டே ஹால் தம் முடிவுகளை வெளியிட்டார். நண்பர் மனம் நோகலாகாதென்று பொறுத்திருந்த அப்பண்பு நம்மைக் கவர்கிறது.

இன்றைய பரிசோதனை அதைவிட நுட்பமானது. எரிமலைக் கல்லைப் பொடியாக்கி, அளந்த நீருடன் பொன், பிளாட்டினம் போன்ற உலோகச் சிமிழிலிட்டு, காற்றுப் புகாமல் ஒட்டிவிடுகிறார்கள். சிமிழைத் தடித்த உருக்குக் கலத்தில் வைத்து ஆயிரக்கணக்கான வளிமண்டல அமுக்கத்திற்கு உட்படுத்தி, நாட்கணக்கில் சூடேற்றுகிறார்கள். பின்னர் சடுதியில் குளிரச் செய்து, வெட்டி, இலத்திரன் கற்றையால் ஆராய்கிறார்கள். நீர் மிகுந்தால் பெல்ஸ்பார் பளிங்கு குறைகிறது. நீர் மிகக் குறைந்தால் ஹோண்பிளெண்ட் என்னும் கரும்பளிங்கு தோன்றுவதேயில்லை. இவ்வாறு மாற்றி மாற்றிச் செய்து, சிமிழ் தந்த கல் மலை தந்த கல்லை ஒக்கும் நிலையைத் தேடுவதே இவர்களின் வேலை. பொறுமை இல்லாதவருக்கு இது உதவாது.

பிரவுண் பல்கலைக்கழகத்து மல்கம் ரதர்ஃபோர்டும் அவர்தம் கூட்டாளிகளும் இவ்வழியில் கண்ட முடிவு 1985இல் வெளிவந்தது. வெப்பநிலை ஏறக்குறைய 930 பாகை சென்ரிகிறேட். அமுக்கம் வளிமண்டலத்தைப் போல் 2,200 மடங்கு, அதாவது ஏழு கிலோமீற்றரை அண்டிய ஆழம். உருகிய குழம்பின் நிறையில் நூற்றுக்கு 4.6 பங்கு நீர். ஒரு கிலோகிராம் குழம்பிலே மூன்று மேசைக்கரண்டி நீர்தானே என்று எண்ணிவிடலாகாது. அமுக்கம் நீங்கிய கணத்தில் அந்நீர் ஆவியாகிக் குழம்பின் கனவளவைப் போல் ஐந்நூறு மடங்குக்கு மேல் விரியவல்லது. நில நடுக்கங்களை ஆராய்ந்தோரும் அம்மலையடியில் ஏறத்தாழ அதே ஆழத்தில் நடுக்கமே எழாத பகுதியொன்றைக் கண்டனர். குழம்பு பாறையைப் போல் உடைவதில்லையன்றோ!

ஆழம் தெரிந்தது, அங்கிருந்து மேலே வர எவ்வளவு காலம் பிடித்தது? அடிவாரத்து மக்களுக்கு இதைவிட முக்கியமான கேள்வி வேறில்லை. இதற்கும் ஹோண்பிளெண்டே விடை கூறியது. குழம்பு மெல்ல ஏறினால் நீர் பிரிந்துபோக, அப்பளிங்கின் ஓரம் சிதைந்து கரைபோலப் படியும். அக்கரை தோன்ற ஏறக்குறைய நான்கு நாட்கள் வேண்டும் என்று ஆய்கூடத்திலே கண்டு, ரதர்ஃபோர்டும் ஹில்லும் 1993இல் வெளியிட்டனர். மே 18இல் வீசப்பட்ட நுரைக்கற்களின் பளிங்குகளில் கரையே இல்லை! சரிவைப் புடைக்கச் செய்த குழம்பு இரண்டு மாதங்களாக முன்னறிவித்தது மெய்தான். அதன் பின்னே ஆழத்திலிருந்து வந்ததோ நான்கு நாட்களுக்குள் ஏழு கிலோமீற்றரைக் கடந்துவிட்டது.

2004 முதல் 2008 வரை அம்மலை மீண்டும் குழம்பை வெளியிட்டது. அக்கற்களிலே மெல்லிய கரை படிந்திருந்தது. அம்முறை பெருவெடிப்பில்லை, குழம்பு ஊர்ந்து வந்து, பழைய பள்ளத்தினுள் புதுக் குவடொன்றைக் கட்டிவிட்டு ஓய்ந்தது.