ஸ்மூத்தா இருந்தா போதுமா? அனிமேஷன் கேரக்டர்கள் ‘மிதப்பது’ ஏன்?

முகம், தலைமுடி, உடை எல்லாம் தத்ரூபமாக இருக்கும். ஆனால் அந்த 3டி கேரக்டர் நடக்க ஆரம்பித்ததும் ஏதோ இடிக்கும். கால் தரையில் பதியாமல், தண்ணீருக்குள் நடப்பது போல மிதந்துகொண்டே போகும்.

அனிமேஷன் படிக்கும் பலர் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்பது இந்த இடத்தில்தான்.

பழி யார் மேல?

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். அத்தனையையும் அனிமேட்டர் கையால் அமைப்பதில்லை. முக்கியமான போஸ்களை மட்டும் வைப்பார், அதுதான் கீஃப்ரேம். முதலில் இந்த போஸ்கள் டக் டக் என்று மாறும்படி வைத்துப் பார்ப்பார்கள். இதற்குப் பெயர் பிளாக்கிங். இந்தக் கட்டத்தில் எல்லாமே நல்லாத்தான் இருக்கும்!

அடுத்து ‘ஸ்ப்ளைன்’ என்ற முறைக்கு மாற்றினால், இடையில் உள்ள ஃப்ரேம்களை கம்ப்யூட்டரே நிரப்பிவிடும். சிக்கல் இங்கேதான் ஆரம்பம். கம்ப்யூட்டருக்கு எடை என்றால் என்னவென்று தெரியாது. அரிசி மூட்டையைத் தூக்கினாலும், பேப்பர் கப்பைத் தூக்கினாலும் அதே வழவழப்பான வளைவுதான். விளைவு, எல்லாமே ஸ்மூத், எதிலுமே கனம் இல்லை.

பந்து சொல்லும் பாடம்

அனிமேஷன் வகுப்பில் முதல் பயிற்சியாக துள்ளும் பந்தைக் கொடுப்பது ஏன் தெரியுமா? பந்து மேலே போகும்போது வேகம் குறைந்து, உச்சியில் ஒரு கணம் தயங்கும். தரையில் அப்படி இல்லை, பட்டதும் தெறிக்கணும். கிராஃப் எடிட்டரில் பார்த்தால் உச்சியில் கோடு வளைவாகவும், தரையில் ‘வி’ எழுத்து போல கூராகவும் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் தரையிலும் வளைவைப் போட்டுவிடும். அப்புறம் பந்து மெத்தையில் விழுந்த மாதிரி இருக்கும். அந்த வளைவைக் கையால் உடைப்பதுதான் பாலிஷ் வேலை.

மனித உருவத்துக்கு வந்தால் முதலில் இடுப்பைத்தான் பார்க்கணும். கால் பதிந்த சில ஃப்ரேம்களுக்குள் இடுப்பு கீழே இறங்கி, பிறகு மேலே எழ வேண்டும். அது சரியாகாமல் விரல்களைச் சரிசெய்வது, சுவர் எழும்பும் முன் பெயின்ட் அடிப்பது மாதிரி.

அடுத்தது, கை கால்கள் எல்லாம் ஒரே ஃப்ரேமில் நிற்பது. ராணுவ அணிவகுப்பு தவிர யாரும் அப்படி நிற்பதில்லை. தோள் முதலில், அப்புறம் முழங்கை, கடைசியாக மணிக்கட்டு என்று இரண்டு மூன்று ஃப்ரேம் தள்ளி வைத்தாலே ரோபோத்தனம் பாதி போய்விடும். மணிக்கட்டு போகும் பாதையைப் புள்ளிகளாகக் காட்டும் வசதி இலவச சாஃப்ட்வேரான பிளெண்டரிலேயே உண்டு. வரிசையை விட்டு ஒரு புள்ளி விலகியிருந்தால், கண்ணுக்கு உறுத்திய இடம் பெரும்பாலும் அதுதான்.

மோஷன் கேப்சர் இருக்கே?

நடிகரின் அசைவை அப்படியே பதிவு செய்யும் தொழில்நுட்பம்தானே, அதில் எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். அங்கேயும் கால் வழுக்கும், கை நடுங்கும். அதையும் ஆள் உட்கார்ந்துதான் திருத்த வேண்டும். அந்த முறையில் உருவாகி 2014-ல் வந்த ‘கோச்சடையான்’ படத்திலும் அசைவுகள் பொம்மைத்தனமாக இருப்பதாக விமர்சனம் எழுந்தது நினைவிருக்கலாம்.

மறுபக்கம், 1986-ல் பிக்சார் எடுத்த ‘லக்ஸோ ஜூனியர்’ குறும்படத்தில் இருப்பது இரண்டு மேஜை விளக்குகள்தான். முகமே கிடையாது. ஆனால் எது அப்பா, எது குறும்புக்காரப் பிள்ளை என்று குனிவதிலும் குதிப்பதிலுமே புரிந்துவிடும்.

2018-ல் வந்த ‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்’ இன்னும் ஒரு படி மேல். ஆரம்பக் காட்சிகளில் மைல்ஸின் ஒவ்வொரு போஸையும் இரண்டு ஃப்ரேம் நிறுத்தி வைத்து, அதாவது நொடிக்கு 12 போஸ் மட்டும் காட்டி, வேண்டுமென்றே தடுமாற வைத்தார்கள். பக்கத்தில் அனுபவசாலி பீட்டர் 24 ஃப்ரேமிலும் சரளமாகப் பறப்பார். ஸ்மூத்தாக இல்லாததே அங்கே நடிப்பு!

ஷோரீலுக்கு அரை நிமிஷம் மிதக்கும் காட்சியைவிட, கனம் தெரிகிற மூணு நொடி ஷாட் ஒன்று போதும் என்பது எங்கள் கருத்து. அதற்கு முதலில் ஒரு தண்ணீர் கேனை நீங்களே தூக்கி, மொபைலில் வீடியோ எடுங்க. ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி, இடுப்பு எப்போ இறங்குது, கேன் எப்போ தரையை விடுது என்று எண்ணிப் பாருங்க. சாஃப்ட்வேரை அப்புறம் திறக்கலாம்.